ஃபைல் வந்தது, உள்ளே ஒன்றுமில்லை: ஏசிங்க் ரிட்டர்னோடு பட்ட பாடு

வேறொருவர் எழுதிவிட்டுப் போன ஸ்க்ரேப்பர் (இணையப் பக்கங்களிலிருந்து தகவலைத் தானாக எடுக்கும் நிரல்) கைக்கு வந்தால், செலக்டர்களை (பக்கத்தில் எந்தப் பகுதியை எடுப்பது என்று சுட்டுபவை) பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் எங்கெல்லாம் ரிட்டர்ன் (ஃபங்ஷன் தன் விடையைத் திருப்பித் தரும் வரி) இருக்கிறது, அது யார் கையில் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். எனக்கு வந்தது நோட் ஜேஎஸ்ஸில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் சூழல்) எழுதியது, பிரவுசரை நிரலால் இயக்கும் பப்பட்டியர் வைத்து ஓடுவது. பொருட்பட்டியல் பக்கங்களைத் திறந்து, பெயரையும் விலையையும் எடுத்து, ஜேசன் ஃபைலில் எழுத வேண்டும். ஓடியது. எரர் இல்லை. ஃபைலும் உருவானது. திறந்தால் [] மட்டும்.

எரர் ஒன்று வந்திருந்தாலாவது பிடித்துத் தொங்க ஒரு வரி எண் கிடைத்திருக்கும். பைத்தானில் அவெய்ட் (வேலை முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் சொல்) மறந்தால், கோரூட்டீனை (இடையில் நின்று காத்திருக்கக்கூடிய ஃபங்ஷனை) யாரும் அவெய்ட் செய்யவில்லை என்று ஒரு எச்சரிக்கையாவது வரும். ஜாவாஸ்கிரிப்ட் அந்த மரியாதையைக் கூடத் தராது.

செலக்டர்களில் குறையில்லை. மாட்டியது ஃபார் ஈச், பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டுவது. உள்ளே ஏசிங்க் ஃபங்ஷன் (உடனே முடியாத வேலையைச் செய்வது), அதற்குள் அவெய்ட், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் ஃபார் ஈச் தனக்குள் ஓடும் ஃபங்ஷன் எதைத் திருப்பித் தந்தாலும் கண்டுகொள்ளாது. பிராமிஸ் (பிறகு வரப்போகும் விடைக்கான உறுதிச்சீட்டு) என்றாலும் அதே கதிதான். எல்லாப் பக்கங்களையும் கிளப்பிவிட்டு, ஒன்று கூட வந்து சேருமுன் அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த வரியில் ரிட்டர்ன், கையில் காலி அரே (பட்டியல்). உள்ளே ஏதாவது பக்கம் எரர் அடித்தாலும் அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நோட் 15 முதல் அப்படி அநாதையாகிற எரர் ப்ராசஸையே நிறுத்திவிடும். அதற்கு முந்தைய பதிப்புகளில் ஒரு எச்சரிக்கையோடு சரி.

இதைச் சமாளிக்க ரிட்டர்னுக்கு முன் ஐந்து விநாடி டைம்அவுட் வைத்திருந்தார்கள். பக்கங்கள் சீக்கிரம் வந்தால் பாதிப் பட்டியல் கிடைக்கும், தளம் மெதுவானால் காலி. பத்து விநாடியாக்கிப் பாருங்கள் என்று எனக்கு ஆலோசனையும் வந்தது. அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஃபார் ஈச்சுக்குப் பதில், திரும்பி வருவதைச் சேர்த்துத் தரும் மேப்புக்கு மாற்றினால் மட்டும் தீராது. மேப் தருவது பிராமிஸ்களின் அரே. அதை அப்படியே ஸ்ட்ரிங்கிஃபை செய்தால் (ஜேசன் எழுத்தாக்கினால்) ஃபைலில் [{}, {}, {}] என்று வரிசையாக நிற்கும். எல்லாப் பிராமிஸும் முடியக் காத்திருக்கும்படி அவெய்ட் பிராமிஸ்.ஆல் என்று சுற்ற வேண்டும். சுற்றினால் எல்லாப் பக்கங்களும் ஒரே நேரத்தில் கேட்கப்பட்டு, சர்வர் 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்ற மறுப்பு) தந்து விரட்டும். ஒன்று தோற்றாலும் ஆல் மொத்தமாகத் தோற்கும். அதனால் பேசாமல் ஃபார்-ஆஃப் லூப்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினேன். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் தள உரிமையாளருக்கும் அதுதான் நல்லது.

இவையெல்லாம் தீர்ந்த பிறகுதான் நிஜமான தலைவலி. 'டார்கெட் க்ளோஸ்டு', அதாவது பக்கம் மூடப்பட்டுவிட்டது என்ற எரர். க்ரோம் பதிப்பு பொருந்தவில்லை, மெமரி போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாவற்றையும் சோதித்ததில் நேரம்தான் வீண். காரணம் ஒரே வரியில் இருந்தது. ட்ரைக்குள் (எரர் வரக்கூடிய பகுதி) ரிட்டர்ன், அங்கேயே பக்கத்தைப் படிக்கும் ஃபங்ஷனின் அழைப்பு. ஃபைனலியில் (எப்படி முடிந்தாலும் கடைசியில் ஓடும் பகுதி) பிரவுசரை மூடும் வரி. ரிட்டர்னில் அவெய்ட் இல்லாததால், முடியாத பிராமிஸை அப்படியே எடுத்துக்கொண்டு ஃபங்ஷன் கிளம்பத் தயாராகிறது. கிளம்புமுன் ஃபைனலி ஓடியாக வேண்டும், ஓடுகிறது, பிரவுசர் மூடிக்கொள்கிறது. பக்கமோ இன்னும் லோடாகிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே கேட்ச் எழுதியிருந்தும் எரரைப் பிடிக்காததற்கும் இதுவே காரணம்: பிராமிஸ் தோற்கும்போது ட்ரையை விட்டே வெளியேறியாகிவிட்டது. ரிட்டர்னுக்குப் பக்கத்தில் அவெய்ட் என்று ஒரு சொல் சேர்த்தேன். அடங்கியது. அப்போது வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

'ரிட்டர்ன் அவெய்ட் தேவையற்றது, எடுத்துவிடு' என்று கோட் ரிவ்யூவில் யாராவது சொன்னால் ட்ரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோடை ஓட்டாமலே குறை சொல்லும் ஈஎஸ்லின்ட் கருவியில் அப்படிச் சொன்ன விதி கூட ட்ரைக்குள் அதை அனுமதித்தது. அந்த விதியே 2023-ல் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டுவிட்டது.

இன்னொரு இடம், பிரவுசரில் திறந்த பக்கத்துக்குள் ஒரு ஃபங்ஷனை ஓட்டும் பேஜ்.எவாலுவேட். அதற்குள்ளிருந்து டாம் எலிமென்ட்களை (பக்கத்தின் உறுப்புகளை) ரிட்டர்ன் செய்தால் நோட் தரப்புக்கு வந்து சேருவது மறுபடியும் காலி {} தான், ஏனென்றால் பிரவுசரும் நோடும் தனித்தனி ப்ராசஸ்; நடுவே ஜேசனாக்க முடிந்தது மட்டுமே கடக்கும். டெக்ஸ்ட்கன்டென்ட்டை (உள்ளிருக்கும் எழுத்தை) எடுத்து வெறும் ஸ்ட்ரிங்காக அனுப்புங்கள்.

கேட்சுக்குள் கன்சோல் லாக் மட்டும் போட்டுவிட்டுப் போகும் பழக்கமும் இருந்தது. அங்கே ரிட்டர்ன் இல்லையென்றால் வெளியே போவது அன்டிஃபைன்டு, அதாவது மதிப்பே இல்லாதது. அது நாலு ஃபங்ஷன் தாண்டி, சம்பந்தமே இல்லாத இடத்தில் வெடிக்கும். இப்போது தோற்ற பக்கத்தின் முகவரியையும் எரர் செய்தியையும் ஒரு ஆப்ஜெக்டாகத் திருப்பித் தந்து தனி ஃபைலில் எழுதுகிறேன். டைப்ஸ்கிரிப்டில் எழுதுபவர்கள் நோ-ஃப்ளோட்டிங்-பிராமிசஸ் என்ற லின்ட் விதியையும் போட்டுவையுங்கள். அவெய்ட் செய்யாமல் அந்தரத்தில் விட்ட அழைப்புகளில் பெரும்பாலானவற்றை ஓட்டுவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். ஆனால் ட்ரைக்குள் ரிட்டர்ன் செய்த பிராமிஸ் அதன் கண்ணில் படாது. அதற்கு ரிட்டர்ன்-அவெய்ட் என்று தனி விதி இருக்கிறது.