2+

அக்டோபர் 24, கோத்தகிரி
அக்காவின் புற்றுநோய்க் கட்டி ரிப்போர்ட்டில் ஹெர்2 (செல்லைப் பெருகச் சொல்லும் ஒரு புரதம்): 2+. மூன்று என்றால் பாசிட்டிவ், ஒன்று என்றால் நெகட்டிவ். இரண்டுக்கு, ஹெர்2 மரபணு எத்தனை நகல் இருக்கிறது என்று எண்ணும் ஃபிஷ் டெஸ்ட் செய்துதான் சொல்வார்களாம். “ரெண்டுன்னா நல்லதாடி?” என்று அக்கா கேட்டாள். “வரட்டும்க்கா” என்றேன்.

அக்டோபர் 25
மழை. கரண்ட் இல்லை.

அக்டோபர் 27
தூக்கம் போய்விட்டது. செல் சவ்வில் நிற்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம், செல்லை வளரச் சொல்லும் வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டும்வரை தன் கையை மடக்கியே வைத்திருக்கும். ஒட்டியதும் நிமிர்ந்து, கையை நீட்டி, இன்னொன்றோடு ஜோடி சேரும். அதே குடும்பம்தான் ஹெர்2, ஆனால் அதற்கென்று ஒட்டும் காரணி எதுவும் கிடையாது. எந்நேரமும் நீட்டிய கையோடு நிற்கிறது. செல் சவ்வில் அது பெருகிவிட்டால் யாரும் கூப்பிடாமலே ஜோடி சேரும். அக்காவுக்குள் இப்போது எத்தனை நிற்கிறதோ.

அக்டோபர் 28
இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

அக்டோபர் 30
தேயிலை ஃபேக்டரி ஓடுகிறது, வீடெல்லாம் இலை வாசம். முழு இலையில் நொதியும் பாலிஃபீனாலும் தனித்தனி இடத்தில் இருக்கும்; நசுக்கினால்தான் இரண்டும் சந்தித்து இலை செம்பு நிறமாகும். எதைப் பார்த்தாலும் எது எதோடு சேர்கிறது என்றே மனம் போகிறது.

அதே குடும்பத்து ஹெர்3-இன் கைனேஸ், அதாவது பாஸ்பேட் ஏற்றும் நொதிப் பகுதி, கிட்டத்தட்டச் செத்தது. ஆனாலும் ஹெர்2-வோடு அது சேரும் ஜோடிதான் ஆபத்தானது. காரணம் வடிவம். ஜோடியில் ஒரு கைனேஸின் கீழ்ப்பகுதி மற்றதன் மேல்பகுதியில் போய் முட்டும். முட்டு வாங்கியது விழித்துக்கொள்ளும். ஈ.ஜி.எஃப்.ஆரில் 2006-ல் விஞ்ஞானி ஜான் குரியன் குழு இதைக் காட்டியது. முட்டுவதற்கு நொதிக்கு வேலைத்திறன் தேவையில்லை, உருவம் போதும். விழித்த ஹெர்2, ஹெர்3-இன் வாலில் பாஸ்பேட் ஏற்றும். செல்லுக்குள் சேதி கடத்தும் பி.ஐ.3 கைனேஸ் என்ற நொதி வந்து பிடிக்க அந்த வாலில் ஆறு இடங்கள். பிடித்துவிட்டால் ‘பெருகு, சாகாதே’ என்று செல்லுக்குள் சேதி போய்க்கொண்டே இருக்கும்.

நவம்பர் 1
போன் அடித்தது. லேப் இல்லை.

நவம்பர் 3
ஃபிஷ் ரிசல்ட் பாசிட்டிவ். மாமா அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகையோடு ஒரு தெம்பும் வந்தது. பாசிட்டிவ் என்றால் மருந்துக்குப் பிடிக்க இடம் இருக்கிறது. டிராஸ்டுசுமாப் என்ற மருந்து ஹெர்2-வில் சவ்வை ஒட்டிய பகுதியைப் பிடிக்கும். பெர்டுசுமாப் என்ற இன்னொரு மருந்து அந்த நீட்டிய கையையே பிடித்து ஜோடி சேர விடாது. மாமாவிடம் இதைப் படம் போட்டுக் காட்டினேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 4
மருந்துக்கு முன் முதலில் எக்கோ, இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன். இதயத் தசைக்கும் ஹெர்2 வேண்டும், மருந்து அங்கேயும் கைவைக்கலாம். டானிங்டனிலிருந்து ஏறி வரும்போது அக்கா நின்று நின்றுதான் வருவாள். அது மேடா, வயதா, இதயமா? எப்போதிலிருந்து?

நவம்பர் 5
மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிவாம். விடியுமுன் குன்னூர் வழியாகக் கிளம்பணும். எக்கோ பதினோரு மணிக்கு.