மரபணுவை நிறுத்தினாலும் புரதம் மிஞ்சியிருக்கும்

பட்டர்வொர்த்தில் வார இறுதிகளில் என்னிடம் உயிரியல் படிக்கும் ஆறாம் படிவ மாணவர்களில் பலர், ஒரு மரபணுவை நிறுத்திவிட்டால் அது தரும் புரதத்தின் வேலையும் உடனே நின்றுவிடும் என்று எண்ணுகிறார்கள். அதற்குப் பாடமே இடம் கொடுக்கிறது. 1961இல் ஜேக்கப்பும் மோனோவும் விளக்கிய லாக் ஒப்பெரான் என்ற ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பு, லாக்டோஸ் சர்க்கரை கிடைத்தால் இயங்குகிறது, கிடைக்காவிட்டால் அடங்குகிறது. ஆனால் ஈ.கோலை நல்ல சூழலில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிவதால், பழைய புரதம் சந்ததிகளுக்குப் பங்காகி விரைவில் குறைந்துவிடுகிறது. ஆய்வகத்தில் வளரும் மனித செல்களோ பிரிவதற்கு ஒரு நாளளவு எடுத்துக்கொள்கின்றன. பினாங்கில் தண்ணீர் விநியோகம் தடைபடும் நாளிலும் கூரைத்தொட்டி வற்றும்வரை வீட்டுக் குழாயில் நீர் வருவதைப் போல, மரபணு அடங்கிய பின்னும் மனித செல்லில் புரதம் மிஞ்சியிருக்கும்.

மனித செல்லில் மரபணுவை நம் விருப்பப்படி அடக்க 1992இல் கோசனும் பூயார்டும் ஒரு வழி கண்டனர். டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை உணரும் பாக்டீரியப் புரதத்தை, மரபணுவைத் தூண்டும் வைரஸ் புரதம் ஒன்றின் பகுதியோடு இணைத்தார்கள். மருந்து சேர்ந்ததும் இந்த இணைப்புப் புரதம் டி.என்.ஏ.வை விட்டு விலக, மரபணு அடங்கிவிடும். மருந்து சேர்த்தால் இயங்கும் வடிவம் 1995இல் வந்தது. செல் வளர்ப்பில் ஊற்றும் மாட்டுச் சீரத்தில் டெட்ராசைக்ளின் எச்சம் கலந்திருந்தால் இம்முறை குழம்பிவிடும் என்பதால், சீரத்தைத் தேர்வதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆயினும் இம்முறை தொடுவது உற்பத்தியை மட்டுமே. புற்றுநோயைத் தடுக்கும் பி53 போன்ற புரதம் இயல்பாகவே சில பத்து நிமிடங்களில் சிதைந்துவிடும். டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களோ நாள்கணக்கில் நிலைக்கும். நீடிக்கும் புரதம் மெல்லக் குறையும் காலத்தில் செல் வேறு மரபணுக்களை மாற்றிக்கொண்டு ஈடுசெய்துவிடுவதால், நாம் காண்பது அப்புரதம் இல்லாததன் நேரடி விளைவா, ஈடுசெய்ததன் விளைவா என்று பிரித்தறிய இயலாது.

ஆகவே புரதத்தையே நேராக அழிக்கும் முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2009இல் ஜப்பானில் கனேமாகி குழுவினர், தாவரங்கள் ஆக்சின் ஹார்மோனைக் கொண்டு தம் புரதங்களை அழிக்கும் ஏற்பாட்டை விலங்குச் செல்லுக்குள் கொண்டுவந்தனர். அதற்கு அவர்கள் எடுத்த, ஆக்சினை உணரும் டி.ஐ.ஆர்.1 புரதம் நெல்லினுடையது. கெடா வயல்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது தனி மகிழ்ச்சி தருகிறது. இலக்குப் புரதத்தில் குறிச்சொல் எனப்படும் ஒரு சிறு புரதத் துண்டை இணைத்து ஆக்சினைச் சேர்த்தால், அதன்மேல் யூபிக்விட்டின் என்ற அழிவுக் குறி ஏறி, செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியாசோம் அதைச் சிதைத்துவிடும். பல புரதங்கள் ஒரு மணி நேரத்துக்குள் பெருமளவு மறைந்துவிடுகின்றன. ஆக்சின் சேர்க்காதபோதே புரதம் ஓரளவு குறைவது இதன் குறையாக இருந்தது. அதைப் பெரிதும் தணித்த திருத்திய வடிவம் 2020இல் வெளிவந்தது. அதைப் பயன்படுத்தினாலும், குறிச்சொல் இணைக்காத செல்லுக்கும் அதே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டு, புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் புரதத்தின் அளவைக் கண்ணால் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.