குல்மார்க் பனியில் நாலு பேரும் ஒரு சங்கிலி டாக்சியும்

முழங்கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. கிருஷ்ணகிரியில் மாசி வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. நான் காலை ஸ்டூல் மேல் தூக்கிப் போட்டு, துண்டில் ஐஸ் கட்டி ஒத்தடம் கொடுத்தபடி எழுதுகிறேன். போன வாரம் இதே நேரம் காஷ்மீரில், குல்மார்க்கில், இடுப்பளவு பனியில் தலைகுப்புறக் கிடந்தேன். அதற்குக் காசு வேறு கொடுத்திருந்தேன்.

"நாங்களும் ஸ்கீயிங் போகலாம்னு இருக்கோம், எங்க போறது, எவ்ளோ ஆகும்?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஸ்கீயிங் என்றால் காலில் நீளப் பட்டைகளை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்குவது. இடம், செலவு, சாமான் என்று வரிசையாக எழுதுகிறேன் என வாக்குக் கொடுத்திருக்கிறேன். முடிகிற வரை பார்க்கிறேன்.

நாங்கள் யார் என்று முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரச்சினையே அதுதான். என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. கம்பெனி அவரை இரண்டு குளிர்காலம் ஜெர்மனிக்கு அனுப்பியது. சனி ஞாயிறு சும்மா இருக்காமல் ஸ்கீ கற்றுக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு ஏற்காட்டிலேயே இரண்டு ஸ்வெட்டர் வேண்டும். கூட வந்தது தருமபுரி அண்ணாவும் அக்காவும். அண்ணா இவரோடு பாலிடெக்னிக்கில் படித்தவர். ஒருமுறை மணாலிப் பக்கம் காலில் ஸ்கீ கட்டிப் பத்து நிமிஷம் நின்று போட்டோ எடுத்திருக்கிறார், அந்தப் பத்து நிமிஷத்தை மூன்று வருஷமாகப் பேசுகிறார். அக்கா பள்ளிக்கூடத்தில் பிடி டீச்சர். ஃப்ரீசரைத் தவிர வேறு எங்கும் பனியைப் பார்த்ததில்லை.

கையில் ஐந்து நாள். தலைக்கு 45 ஆயிரத்தைத் தாண்டக் கூடாது என்று நான் போட்ட கோடு.

இவர் முதலில் எடுத்தது கஜகஸ்தான். இந்தியர்களுக்கு 14 நாள் வரை விசா வேண்டாமாம், அல்மாட்டி ஊரை ஒட்டியே ஷிம்புலாக் என்று பெரிய ஸ்கீ இடம் இருக்கிறதாம். அக்காவுக்கு பாஸ்போர்ட்டே இல்லை, பேச்சு அங்கேயே முடிந்தது. அடுத்து உத்தராகண்ட் பக்கத்து ஔலி. என் மனசு அங்கேதான் இருந்தது. நந்தாதேவி சிகரம் எதிரே நிற்கும், ஆரம்பக்காரர்களுக்கு நல்ல சரிவு என்கிறார்கள். ஆனால் டேராடூனில் இறங்கி மலைப்பாதையில் ஒரு முழு நாள் வண்டி. திரும்ப இன்னொரு நாள். ஐந்தில் இரண்டு போச்சு. ஜோஷிமட்டிலிருந்து மேலே போகிற ரோப்வே வேறு, 2023 ஜனவரியில் அந்த ஊரில் வீடுகள் விரிசல் விட்டபோது நிறுத்தப்பட்டது. வாரம் முழுக்க லீவு கிடைப்பவர்கள் போகலாம். மணாலி பக்கத்து சோலங் வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னேன். அது ஸ்கீ கற்கிற இடமில்லை, ஸ்கீயோடு போட்டோ எடுக்கிற இடம். அண்ணா அதற்குக் கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் போன் பண்ணவில்லை.

குல்மார்க்கை நான் எடுத்ததற்கு ஒரே காரணம் மதியச் சாப்பாடு. சிரிக்காதீர்கள். ஒருவருக்கு நன்றாகத் தெரியும், இன்னொருவருக்கு ஒன்றுமே தெரியாது என்கிற ஜோடி பனிமலைக்குப் போனால், காலை ஒன்பதுக்குப் பிரிந்து சாயந்திரம் லாட்ஜில்தான் முகம் பார்க்கும். ஒருத்தர் சரிவில் பறந்துவிட்டு வருவார், இன்னொருத்தர் புட்டம் வலிக்க உட்கார்ந்திருப்பார். அதற்கு எதற்கு ஜோடியாகப் போக வேண்டும்? குல்மார்க் கொண்டோலா, அதாவது கம்பிவடத்தில் தொங்கிப் போகிற பெட்டி, இரண்டு கட்டம். ஊர் இருப்பது கிட்டத்தட்ட 2,650 மீட்டரில். முதல் கட்டம் கொங்டோரி வரை. இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலைத்தோள் வரை, நாலாயிரம் மீட்டரை நெருங்கிவிடும். ஸ்கீ தெரியாதவர்கள்கூட டிக்கெட் எடுத்துக் கொங்டோரி வரை சும்மா உட்கார்ந்து போகலாம். மேலே போனவர் சறுக்கிக்கொண்டு அங்கே இறங்குவார். கீழே விழுந்து விழுந்து அலுத்தவர் பெட்டியில் ஏறி அங்கே வருவார். நடுவில் ராஜ்மா சாதம். இந்த வசதி ஒன்றுக்காகவே குல்மார்க்குக்கு என் ஓட்டு.

பெங்களூர் ஏர்போர்ட் போன கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்பினால் அத்திப்பள்ளியைத் தூங்கிக்கொண்டே தாண்டலாம், ஆறு மணிக்குக் கிளம்பினால் எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியேறலாம். நாங்கள் இரண்டு மணிக் கட்சி. ஸ்ரீநகர் இறங்கும்வரை எழுத ஒன்றுமில்லை.

வயிறு எரிந்தது டங்மார்க்கில். ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் டங்மார்க்குக்கு மேலே, கடைசிப் பதின்மூன்று கிலோமீட்டரில், பனி விழுந்தால் சாதாரண வண்டியை விடமாட்டார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும், இல்லை டயருக்குச் சங்கிலி கட்ட வேண்டும். இது நியாயமான விதி, அந்த வளைவுகளைப் பார்த்தால் புரியும். ஆனால் நம் டிரைவர் "குல்மார்க் ஹோட்டல் வாசல் வரை" என்று பேசி வாங்கிய தொகையோடு டங்மார்க்கில் நிறுத்தி, கையை விரித்தார். நிறுத்தியது எங்கே? ஒரு ரப்பர் பூட்ஸ் கடை வாசலில். "பூட்ஸ், கோட்டு எடுக்காம மேல போனா செத்துருவீங்க" என்கிற பாணியில் கடைக்காரர் ஆரம்பித்தார். அந்தக் கோட்டைப் பார்த்தேன். உள்பக்கக் கழுத்தில் யாரோ போன மாசம் பூசிய பவுடர் அப்படியே இருந்தது. நாங்கள் எடுக்கவில்லை, குல்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும் என்று இவருக்குத் தெரியும். கடையில் வியாபாரம் ஆகவில்லை என்றதும் டிரைவரின் முகம் மாறியதைப் பார்த்தால் அவருக்குப் பங்கு உண்டு என்று குழந்தைக்கும் புரியும்.

அடுத்து சங்கிலி டாக்சி. அந்த டாக்சிக்காரர் நாலாயிரம் கேட்டார். பதின்மூன்று கிலோமீட்டருக்கு! எனக்குத் தெரிந்த இந்தியில் "பையா, ஜாஸ்தி" என்பது மட்டும் உண்டு, அதை ஒன்பது தரம் சொன்னேன். அக்கா தமிழிலேயே பேசினார். கொய்யாப்பழக்காரியிடம் பேசுகிற அதே குரலில், "ஏம்ப்பா, நாலு பேருக்கு நாலாயிரமா? தலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு நான் ஒகேனக்கல்ல மீன் சாப்பாடு போட்டு பரிசல் ஓட்டிக் காட்டுவேனே!" அவருக்கு என்ன புரிந்ததோ, 2,500க்கு இறங்கினார். அதுவே அதிகம் என்று மேலே போன பிறகு மற்றவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஆகவே, ஸ்ரீநகரில் வண்டி பேசும்போதே "டங்மார்க்குக்கு மேல யார் கொண்டு போறது, அதுக்கு யார் காசு?" என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

இனி பனி.

முதல் நாள் காலை இவரே எனக்குச் சொல்லித் தருவதாகப் பிடிவாதம். காசு மிச்சமாகும் என்று நானும் சரி என்றேன், புத்தி கெட்டுப்போய். ஸ்கீ பூட்ஸ் என்பது செருப்பு வகையே இல்லை, அது காலுக்குப் போடுகிற மாவுக்கட்டு. கணுக்கால் அசையாது, நிமிர்ந்து நின்றாலே முன்னால் சாய்க்கும். தாடை உயரத்துக்கு இரண்டு பட்டை அதில் மாட்டியாச்சு. "முன்னாடி சாய், முட்டியை மடக்கு, பள்ளத்தைப் பார்" என்கிறார். பள்ளத்தைப் பார்த்தால் உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது. பின்னால் சாய்ந்தால் ஸ்கீ இன்னும் வேகமாக ஓடுகிறது. அது ஓடினால் நான் உட்காருகிறேன். "ஏன் உக்கார்ற?" என்கிறார். "ஆசைக்கு உக்கார்றேன், போங்க!" என்றேன். நாற்பது நிமிஷத்தில் பத்து வருஷத்துக் கல்யாணக் கணக்கு எல்லாம் அந்தச் சரிவில் வெளியே வந்துவிட்டது, என் நாத்தனார் சீமந்தம் உட்பட. அண்ணாவுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

கட்டிய புருஷனிடம் கார் ஓட்டக் கற்காதே என்பார்களே, அதுதான் ஸ்கீக்கும். பத்து மணிக்கு உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவரைப் பிடித்தோம். நாங்கள் மூன்று பேருக்குச் சேர்த்து நாளுக்கு மூவாயிரம், சாமான் வாடகை தனியாகத் தலைக்கு எண்ணூறு. கொடுத்த காசில் இதுதான் நெஞ்சு வலிக்காத காசு. அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குக் காஷ்மீரி தெரியாது. "பீட்சா! பீட்சா!" என்று கத்துவார். ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, உள்விளிம்பால் பனியை அழுத்தினால் வேகம் குறையும். கூம்பாக, பீட்சாத் துண்டு மாதிரி. நான் மனசுக்குள் வீட்டுக் கூரை என்று சொல்லிக்கொண்டேன், கால் அதற்குத்தான் கேட்டது. விழுவதையும் சொல்லிக் கொடுத்தார்: விழுகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில், இடுப்பில் விழு. எழுந்திருக்க முதலில் இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்கே திருப்பு, பிறகு எழு. சரிவை நோக்கி வைத்து எழுந்தால், எழுந்த கையோடு ஓடும்.

அப்புறம் அக்கா. அந்தக் காட்சிக்காகவே மறுபடி ஒரு தரம் போகலாம். முதல் சரிவில் இரண்டு தரம் விழுந்தார். மூன்றாவது தரம் முட்டியை மடக்கி, கையை முன்னால் வைத்துத் தாழ்ந்து நின்று, நேராகக் கீழே போய்த் திரும்பி நின்றார். பயிற்சியாளர் வாயைப் பிளந்தார். "கபடிக்கு எறங்குற மாதிரிதாம்மா, இடுப்பைத் தாழ்த்தி நின்னா எவனும் தள்ள முடியாது" என்றார் அக்கா என்னிடம். இரண்டாம் நாள் சாயந்திரம் அவர் இடம் வலம் திரும்பிக்கொண்டு இறங்குகிறார், அண்ணா மேலே நின்று இன்னும் பட்டையை மாட்டுகிறார். மூன்று வருஷப் போட்டோக் கதை அன்றோடு முடிந்தது. அதனால் யார் கெட்டிக்காரர், யார் மக்கு என்று வீட்டிலேயே முடிவு கட்டி அதற்கேற்ப ஊரைத் தேர்ந்தெடுத்தால் தப்பாகிவிடும். சின்னச் சரிவும் பெரிய சரிவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இடமாகப் பாருங்கள், ஆள் இரண்டாம் நாளே மாறிவிடலாம்.

குல்மார்க்குக்கும் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். கீழே புல்வெளிப் பக்கம் சாதுவான சரிவு, மேலே அஃபர்வத்தில் முரட்டு மலை, நடுத்தரமாக விளையாட இடம் குறைவு. மேலே வெட்டிச் சீராக்கிய பாதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் காட்டுப் பனி. காற்றடித்தால் இரண்டாம் கட்டத்தை மூடிவிடுவார்கள். எங்கள் மூன்று நாளில் ஒரு நாள்தான் திறந்தது. 2023 பிப்ரவரியில் அஃபர்வத்தில் பனிச்சரிவில் சிக்கி போலந்துக்காரர்கள் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியை நான் போனில் சேமித்தே வைத்திருந்தேன். திறந்த அன்று காலை இவரிடம் நீட்டினேன். "ரோந்துக்காரங்க கொடி நட்ட எடத்தைத் தாண்டினீங்கன்னா நான் அடுத்த ஃப்ளைட்ல கிருஷ்ணகிரி." தாண்டவில்லை என்றுதான் சொல்கிறார்.

அன்று மதியம் கொங்டோரியில் நான் காத்திருந்தேன். கொண்டோலா டிக்கெட் ஆன்லைனில் மட்டும்தான், முன்கூட்டியே எடுக்காவிட்டால் சீசனில் கிடைக்காது. வரிசையில் நிற்காமல் உள்ளே விடுகிறேன் என்று வருகிற "கைடு"களுக்குப் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். மேலே வெள்ளையில் ஒரு நீலப் புள்ளி வளைந்து வளைந்து வந்தது, பக்கத்தில் வந்தபோதுதான் இவர் என்று தெரிந்தது. மீசையில் ஐஸ். பத்து வருஷத்தில் அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. ராஜ்மா சாதத்தில் உப்பு இல்லை, நான் கொண்டுபோன மாங்காய் ஊறுகாய் போட்டுப் பிசைந்து சாப்பிட்டோம். குளிரில் நல்லெண்ணெய் உறைந்து கட்டி கட்டியாக இருந்தது.

நல்ல சாப்பாடு என்றால் அது கடைசி நாள் ஸ்ரீநகரில். வெள்ளி ராத்திரியே இறங்கிவிட்டோம். சனி விடிகாலை பழைய ஊரில் ஆலிக் கதல் பக்கம் ஹரீஸா தேடிப் போனோம். குளிர்காலத்தில் காலையில் மட்டும் கிடைக்கிற சாமான், நேரம் கழித்துப் போனால் காலிப் பானைதான். ஆட்டுக்கறியையும் அரிசியையும் அடுப்புக்குள் புதைத்த பெரிய பானையில் ராத்திரி முழுக்க வேகவிட்டு, எலும்பெடுத்து, மரக்கட்டையால் அடி அடி என்று அடிக்கிறார்கள். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆயா கெவுரு களி கிண்டுகிற அதே கை, பானையைக் காலால் அணைத்து, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து. களிக்குக் கறி கலந்து கிண்டினால் என்ன வருமோ அது. மேலே புகைகிற எண்ணெயைச் சொய்யென்று ஊற்றித் தட்டை நீட்டுகிறார்கள், கூடத் தந்தூர் ரொட்டி. நான் இரண்டாம் தட்டு வாங்கினேன், பட்ஜெட்டாவது மண்ணாவது. அண்ணா சனிக்கிழமை கறி தொடமாட்டார். எங்களைப் பார்த்துக்கொண்டே ரொட்டியை உப்பு டீயில் நனைத்துத் தின்றார். அந்த ரோஸ் கலர் டீ எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.

சாமான் பட்டியல் தருவதாகச் சொன்னேன். இரண்டு விஷயம்தான். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, யாராவது ஒருத்தராவது போஸ்ட்பெய்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீநகர் ஏர்போர்ட்டில் வாசலுக்கு வெளியிலிருந்தே சோதனை ஆரம்பம், மூன்று மணி நேரம் முன்னால் போங்கள். எப்போது போவது? பிப்ரவரி. ஆனால் பனி நம் தேதிக்கு விழாது. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே பனி போதவில்லை என்று மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அதனால் ரத்து செய்தால் பணம் திரும்புகிற ரூமாகப் போடுங்கள்.

செலவு தலைக்கு 48,600 ஆனது. கோட்டை 3,600 தாண்டிவிட்டேன். அதில் டங்மார்க் சங்கிலி எவ்வளவு என்று இவரிடம் தினமும் சொல்லிக் காட்டுகிறேன்.

நேற்று ராத்திரி அக்கா போன் பண்ணினார். குல்மார்க்கிலேயே அரசு நடத்துகிற ஸ்கீ பள்ளிக்கூடம் இருக்கிறதாமே, அதில் அடுத்த சீசனுக்கு முழு கோர்ஸ் சேரணுமாம். "அண்ணாவுக்கு லீவு கிடைக்குமாக்கா?" என்றேன்.

"அவருக்கு எதுக்கும்மா? உன் முட்டி எப்ப சரியாகும், அதைச் சொல்லு."