பாலோடு போட்ட மாத்திரை

"வெறும் வயித்துல போட்டா எரியுது, அதான் பாலோட போட்டுட்டேன்" என்றார் பெரியம்மா, காலி டம்ளரைக் கீழே வைத்தபடி.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். சிப்ரோஃப்ளாக்சசின், கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக்.

பாலில் இருக்கும் கால்சியம் இந்த மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போய்ச் சேருவது குறைந்துவிடும். மாத்திரை போட்டாயிற்று என்று நாமும் நிம்மதியாக இருப்போம், கிருமியும் நிம்மதியாக இருக்கும்.

"அப்போ எரிச்சலுக்கு?" என்றார். நியாயமான கேள்வி. சாப்பாட்டோடு போடலாம், வெறும் பாலோடுதான் கூடாது.

தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்குபவர்களும் கொஞ்சம் கவனியுங்கள். தண்ணீரில் போட்டுவிட்டு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை என்றால் 4 மணி நேரம் தள்ளி.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. 1989-ல் வெளியான ஓர் ஆய்வில், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கப் போன கனடா ஆய்வாளர் டேவிட் பெய்லி குழு, மதுவின் ருசி தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் (பம்ப்ளிமாஸ் போன்ற பழம்) சாற்றில் கலந்து கொடுத்தது. ரத்தத்தில் மருந்து எதிர்பாராத அளவுக்கு எகிறியது. பழி மதுவின் மேல் இல்லை! குடலில் அந்த மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சாறு முடக்கியிருந்தது.

அப்புறம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், கீரை மருந்தின் வேலையைக் குறைக்கும் என்று பயந்துபோய் அதை அடியோடு விட வேண்டாம். திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும்தான் சிக்கல். மாற்றுவதென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.