சாக்ஸுக்குள் தமிழ் முரசு

மகன் சிங்கப்பூர் யூத் லீக் காற்பந்தில் ஆடுகிறான், 15 வயதுக்குட்பட்டோர் பிரிவு. 'ஆடுகிறான்' என்பது சொந்தக்காரர்களுக்குச் சொல்வது. உண்மையில் உட்கார்ந்திருக்கிறான். ரிசர்வ் கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்குச் சளிகூடப் பிடிப்பதில்லை. நல்ல பிள்ளை, நன்றாக இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு நிறைய ஆட்டம் கிடைக்க வேண்டும் என்றுதான் 2023-இல் இந்த லீக்கைத் தொடங்கினார்கள். எங்களுக்கு நிறையக் கிடைத்தது எம்ஆர்டி ரயில் பயணம்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் என் மாமனார் வந்துவிடுவார், ஃபிளாஸ்கில் தேநீரோடு. அவரைப் பொறுத்தவரை சிங்கப்பூர்க் காற்பந்து 1994 டிசம்பர் 17-ஆம் தேதி ஷா ஆலமில் உச்சத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. மலேசியக் கிண்ண இறுதியாட்டம், பாகாங்குக்கு எதிராக 4-0. அப்பாஸ் சாட் மூன்று, ஃபாண்டி ஒன்று. இங்கே ஒரு பையன் கோலைத் தவறவிட்டால் போதும், "சுந்தரமூர்த்தியா இருந்தா..." என்று ஆரம்பித்துவிடுவார். அந்தக் காலச் சிங்கப்பூர் ஆட்டக்காரர் சுந்தரமூர்த்தி 1993-இல் புரூணைக்கு எதிராக அந்தரத்தில் மல்லாந்து அடித்த பைசிக்கிள் கிக் மாமா சொல்லச் சொல்ல உயரமாகிக்கொண்டே போகிறது. போன மாதக் கணக்குப்படி பந்து எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மூன்றாவது மாடியில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, முதல் கோல்கீப்பருக்கு விரலில் அடி. சந்தோஷப்படக் கூடாதுதான். ஜூரோங் ஈஸ்ட் போய்ச் சேர்ந்து பையைத் திறந்தால், சாக்ஸுக்குள் வைக்கும் முழங்கால் கீழ்க்காப்பு, அதாவது ஷின் பேட், இல்லை. மனைவிக்குப் போன் போட்டேன். பதிலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில், என் கைலிக்குப் பக்கத்தில், இரண்டு ஷின் பேட். நாற்றம் தாங்காமல் முந்தின இரவு நான்தான் கழுவிப் போட்டிருந்தேன். வீடோ தூரத்தில், ஈசூனில்.

"இதுக்குப் போய் அலட்டிக்கிறீங்களே, மாப்ளே." மாமா பையிலிருந்து அன்றைய தமிழ் முரசு நாளிதழை எடுத்து நாலாக மடித்தார். அஞ்சலிப் பக்கத்தை மட்டும் உருவித் தன்னிடம் வைத்துக்கொண்டார்; இன்னும் படிக்கவில்லையாம். மிச்சத்தைப் பேரனின் சாக்ஸுக்குள் செருகிவிட்டார். தினமும் தமிழ் முரசு படி என்று தமிழாசிரியர் தலையால் அடித்துக்கொண்டும் அதைத் தொடாதவன், அன்றுதான் அதை முதன்முதலாக நெருங்கினான்.

நடுவர் வரிசையாகச் சோதித்துக்கொண்டு வந்தார். இவன் காலைத் தட்டினார். சரக். மறுபடி தட்டினார். சரக், சரக்.

"என்ன இது?"

"நியூஸ்பேப்பர், சார்."

அந்த மனிதர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் இங்கிருந்தே பார்த்தேன். ஆனாலும் விதி விதிதான். ஷின் பேட் இல்லாமல் இறங்க முடியாது.

அப்போது மின்னல் எச்சரிக்கைச் சங்கு அலறியது. ஏப்ரல் மாதத்து மாலை, கேட்கவா வேண்டும். எல்லாரும் கூரைக்கு அடியில் ஓடினோம். மாமா வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

மழை கொட்டும்போது எதிரணியின் ரிசர்வ் கோல்கீப்பர் வந்தான். தன் ஷின் பேடைக் கழற்றி மகனிடம் நீட்டி, "நான் எப்படியும் இறங்கப் போவதில்லை" என்றான். ரிசர்வ் கோல்கீப்பர் இனத்துக்குள் இப்படி ஓர் ஒற்றுமை இருப்பது எனக்குத் தெரியாது. மகன் சாக்ஸைக் கீழே இறக்கினால், வியர்வையில் ஊறிய தலைப்புச் செய்தி முழங்காலுக்குக் கீழே கண்ணாடி எழுத்தாகப் பதிந்திருந்தது. மாமா குனிந்து அதை வாசிக்க முயன்றார்.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். மழை விடவில்லை. ஆட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் முதல் கோல்கீப்பருக்கு விரல் சரியாகிவிட்டது.

ஓடிப்போய் பஸ் பிடித்த அவசரத்தில் அந்தப் பையனின் ஷின் பேட் எங்களோடு வந்துவிட்டது. பயிற்றுநரிடம் சொல்லியாகிவிட்டது, அந்த ஆட்டம் மறுபடி நடக்கும் நாளில் கொடுக்க வேண்டும். இப்போது அது எங்கள் மூங்கில் கழியில் காய்கிறது. அதையும் நான்தான் கழுவினேன்.