ரத்தம் போகும்போதே ரத்தம் உறைந்த கதை

எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலில் புண், வயிற்றுப்போக்கு, கூடவே ரத்தம். போன மழைக்காலத்தில் அது மறுபடி கிளம்ப, ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டு செம்பூர் வீட்டில் படுத்தே கிடந்தேன். அப்போதுதான் இடது கெண்டைக்கால் வீங்கியது. தொட்டால் சுட்டது.

பக்கத்து கிளினிக்கில் தசைப்பிடிப்பு என்று தைலம் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு கால் மட்டும் இப்படியா வீங்கும்? என் குடல் மருத்துவருக்குப் போன் செய்தேன். "தைலம் தேய்க்காதீங்க. இன்னிக்கே கால் ரத்தக்குழாய்க்கு டாப்ளர் ஸ்கேன் எடுங்க. மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க" என்றார். காலில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தால், அது பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாமாம்.

டாப்ளரில் வலியெல்லாம் இல்லை. ஜெல் தடவி, கருவியால் அழுத்திப் பார்க்கிறார்கள். நல்ல ரத்தக்குழாய் அமுங்கும். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அமுங்காது. எனக்கு அமுங்கவில்லை.

அட்மிட் ஆனதும் அம்மா பதறிவிட்டாள். "ரத்தமா போயிட்டிருக்கு, இதுல ரத்தம் உறையாம இருக்க ஊசியா டாக்டர்?" எனக்கும் அதே சந்தேகம்தான். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: இந்த அழற்சி குடலோடு நிற்பதில்லை, ரத்தத்தையும் எளிதில் உறைய வைக்கும். குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. நோய் கிளம்பியிருக்கும்போது இன்னும் அதிகம். படுக்கை, நீரிழப்பு, ஸ்டீராய்டு எல்லாம் அதற்குத் துணை. ரத்தம் பெருக்கெடுத்துப் போகாதவரை ஊசியை நிறுத்த வேண்டியதில்லை; குடலை ஆற்றினால் இரண்டுமே அடங்கும்.

அப்படியே எனாக்ஸபரின் ஊசி போட்டார்கள், ஹீமோகுளோபினையும் விடாமல் பார்த்தார்கள். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்துப் போடுவது. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் இன்னும் கன்றிப்போகும். (தேய்க்காமலே எனக்கு வயிறெல்லாம் நீலம்.)

அப்புறம் ஊசிக்குப் பதில் மாத்திரை. ரிவராக்ஸபான், முதல் 21 நாள் 15 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு 20 மில்லிகிராம் ஒரு வேளை, சாப்பாட்டோடு. தலைவலிக்கு பாரசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் குடலுக்கும் ஆகாது, இந்த மாத்திரையோடும் ஆகாது. குறைந்தது மூன்று மாதம் என்றார்கள். குடல் அடங்கிவிட்டதை உறுதி செய்துகொண்டுதான் நிறுத்தினார்கள்.

இப்போது என் ஃபைலின் முதல் பக்கத்திலேயே 'காலில் ரத்தம் உறைந்தது' என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை அட்மிட் ஆனால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி உண்டா என்று நானே கேட்பேன்.