சந்தையில் வல்லாரை வாங்கும்போது

கிளிநொச்சிச் சந்தையில் பிடி பெரிதாக இருக்கிறது என்பதற்காக வல்லாரையை எடுத்துவிடாதீர்கள். நான் முதலில் இலையைத் திருப்பிப் பார்ப்பேன், வல்லாரை இலை சிறுநீரக வடிவில் இருக்கும், காம்பு அந்தப் பிளவில்தான் வந்து சேரும். வட்ட இலையின் நடுவில் குடைக்கம்பி மாதிரிக் காம்பு நின்றால் அது வேறு செடி. பிறகு கசக்கி மணந்து பார்ப்பேன். மென்றால் லேசாகக் கைக்க வேண்டும், அந்தக் கைப்போடுதான் அம்மம்மா தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துச் சம்பல் போடுவார்.

எங்கே பிடுங்கியது என்று கட்டாயம் கேளுங்கள். வல்லாரை மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களை உறிஞ்சக்கூடியது. மருந்தடிக்கும் வயலுக்குத் தள்ளி, குளக்கரை ஈரத்தில் வளர்ந்தது என்றால் சரி, வாங்குவேன். வீதியோரக் கழிவு வாய்க்காலில் பிடுங்கியது எவ்வளவு பச்சையாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.